கிளாவிக்கார்டின் மெல்லொலி: விசைப்பலகையில் கமகம் வருமா?

நீங்கள் எழுதியிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஒரு காணொளியில் கிளாவிக்கார்டு என்னும் பழைய ஐரோப்பிய விசைப்பலகைக் கருவியை வாசிப்பதைக் கேட்டீர்கள். கணீரென்ற கம்பியோசையாக இருந்ததால் இதுவும் ஹார்ப்சிகார்டும் ஒன்றுதானா என்று ஐயம் எழுந்தது. வாசித்தவர் விசையை அழுத்திய நிலையிலேயே விரலை மெல்ல அசைத்தபோது சுரமும் சேர்ந்து அசைந்ததைக் கண்டு, விசைப்பலகையில் கமகம் வருமா என்று வியந்தீர்கள். இப்படியொரு வசதி இருந்த கருவியை ஏன் கைவிட்டார்கள், ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் வாசித்தது இதைத்தானா, கடலோர ஊரில் வீட்டில் ஒன்று வாங்கி வைக்க முடியுமா என்றும் தொடர்ந்து கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: விசையைத் தட்டிய மறுகணம் அந்தச் சுரம் யார் வசம் இருக்கிறது? பியானோவிலும் ஹார்ப்சிகார்டிலும் அது கருவியின் வசம் போய்விடுகிறது. கிளாவிக்கார்டில் அது விரலின் வசமே நிற்கிறது. அதன் அழகு, பலவீனம், மறைவு மூன்றும் இதிலிருந்தே வருகின்றன.

பியானோ, ஹார்ப்சிகார்டு வகைகளுக்குச் சுருதி சேர்த்துப் பழுதுபார்ப்பது இருபது ஆண்டுகளாக என் தொழில். கிளாவிக்கார்டில் இரண்டை என் கையால் கட்டியிருக்கிறேன், வேறு சிலவற்றுக்குத் தந்தி மாற்றியிருக்கிறேன். மேடையில் வாசிப்பவன் அல்லன். ஆகவே இயக்கத்தைப் பற்றி நான் சொல்வதைக் கையால் அறிந்ததாகவும், வரலாற்றைப் பற்றிச் சொல்வதைப் படித்து அறிந்ததாகவும் கொள்ளுங்கள்.

முதலில் இயக்கம். ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தினால் அதன் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரச்சட்டம் மேலெழுந்து, அதில் பொருத்திய பறவையிறகின் நுனி தந்தியை மீட்டிவிட்டுக் கடந்துபோகிறது. ஓங்கி அடித்தாலும் மெல்ல அழுத்தினாலும் இறகு மீட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் விரலின் வேகத்தைக் கொண்டு ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பியானோவில் விசை ஒரு சுத்தியலை எறிகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விசைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அது தானாகப் பறந்து சென்று தட்டிவிட்டு விழுகிறது. ஒலியின் அளவு விரலின் வேகத்தைப் பொறுத்தது என்றாலும், தட்டிய பின் அந்தச் சுரத்தில் வாசிப்பவர் செய்யக்கூடியது அதை நிறுத்துவது மட்டுமே.

கிளாவிக்கார்டு இவ்விரண்டையும்விட மிக எளிமையானது. நீள்சதுரப் பெட்டி, அதில் தந்திகள் வாசிப்பவருக்குக் குறுக்காக, இடமிருந்து வலமாக ஓடுகின்றன. விசை என்பது நடுவில் முளை வைத்த ஒரு மரக்கோல், அவ்வளவுதான். அதன் பின்முனையில் செங்குத்தாக ஒரு சிறு பித்தளைத் தகடு அறையப்பட்டிருக்கும். இதை டேன்ஜென்ட் என்கிறார்கள். தொடுதல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வினையிலிருந்து வந்த பெயர். விசையை அழுத்தினால் இந்தத் தகடு கீழிருந்து எழுந்து, பெரும்பாலும் ஒரே சுருதியில் இணையாகக் கட்டப்பட்ட இரண்டு தந்திகளைத் தொட்டு, அங்கேயே நிற்கிறது. விரலை எடுக்கும்வரை அது விலகுவதில்லை. தகட்டுக்கு வலப்பக்கம் உள்ள தந்திப் பகுதி, தந்தியைத் தாங்கும் குதிரை என்னும் மரக்கட்டை வரைக்கும் அதிர்ந்து, அந்த அதிர்வைக் குதிரையின் வழியாக மெல்லிய ஒலிப்பலகைக்குக் கொடுக்கிறது. இடப்பக்கம் உள்ள பகுதியில் தந்திகளுக்கிடையே கம்பளித் துணிப்பட்டை ஊடும் பாவும் போலப் பின்னப்பட்டிருப்பதால் அந்தப் பக்கம் ஊமையாக இருக்கிறது. விரலை எடுத்ததும் தகடு விலக, தந்தி முழுவதும் ஒன்றாகி, அதே துணி அதிர்வை முழுவதும் விழுங்கிவிடுகிறது. ஒலியை நிறுத்தத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. அந்தத் தகடு தந்தியை ஒலிக்கச் செய்யும் கருவி மட்டுமன்று. ஒலிக்கும் தந்தியின் ஒரு முனையும் அதுவே. வீணையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வீணையில் வலக்கை மீட்டுகிறது. இடக்கை மெட்டின் மேல் தந்தியை அழுத்தி அதன் நீளத்தை முடிவு செய்கிறது. கிளாவிக்கார்டில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே விரல், ஒரே தகட்டின் வழியாக, ஒரே கணத்தில் செய்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை, ஒலியின் அளவு. ஊஞ்சலை ஆட்ட வேண்டுமானால் பலகையைத் தள்ளுவோம்; உத்தரத்துக் கொக்கியருகே சங்கிலியைப் பிடித்துத் தள்ளினால் எவ்வளவு வலுக் கொடுத்தாலும் ஊஞ்சல் சற்றே அசையும். தந்தியின் முனை என்பது அதிர்வே இல்லாத இடம். கிளாவிக்கார்டு தந்தியை மிகச் சரியாக அந்த இடத்தில்தான் தட்டுகிறது. தந்திகளும் மெல்லியவை, இழுவிசை குறைந்தவை, ஒலிப்பலகையும் சிறியது. ஆகவே நல்ல கருவியில்கூட உச்ச ஒலி, பக்கத்தில் இருவர் தாழ்ந்த குரலில் பேசினால் மறைந்துபோகும் அளவுக்குத்தான் இருக்கும். நம் வீடுகளில் மின்விசிறி ஓடினால் பாதி இசை விசிறிக்குப் போய்விடும். நான் கட்டிய முதல் கருவியைக் கேட்க வந்த நண்பர், நான் சுருதி சேர்க்கத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டார்.

ஆனால் ஒலி சிறியது என்பதும் வேறுபாடு இல்லாதது என்பதும் ஒன்றல்ல. விரலின் வேகத்துக்கு ஏற்பத் தகட்டின் வேகம் மாறுவதால், அந்தச் சிறிய எல்லைக்குள் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் கிடைக்கின்றன. மென்மை என்று நாம் நினைப்பதற்கும் கீழே இன்னும் நான்கைந்து படிகள் இருப்பதை அமைதியான அறையில் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் காது தானாகக் கண்டுகொள்ளும். இருட்டறைக்குள் நுழைந்தவரின் கண் பழகுவது போன்றது இது. ஓசையின் தன்மையைச் சொல்வதானால், அடிச்சுரத்துக்கு மேலே சேர்ந்தொலிக்கும் துணையொலிகள் நிறைந்த, வெள்ளிக் கம்பியை நினைவூட்டும் ஒலி. அதன் தொடக்கத்தில் தகடு தந்தியில் படும் சிறு "டிக்" ஒலி ஒன்று ஒட்டியிருக்கும். கருவி மோசமாகச் செய்யப்பட்டிருந்தால் இந்த டிக் ஒலியே மேலோங்கிவிடும். நல்ல கருவியில் அது பாடகரின் மெய்யெழுத்து உச்சரிப்பைப் போல சுரத்துக்கு ஒரு முகம் கொடுக்கும்.

இப்போது உங்கள் கமகக் கேள்வி. விசையைச் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் தகடு தந்தியை இன்னும் மேலே தூக்கும்; தூக்கினால் தந்தி இறுகும்; இறுகினால் சுருதி ஏறும். அழுத்தத்தைத் தளர்த்தினால் பழைய நிலைக்கு இறங்கும். இதை ஒரு நீண்ட சுரத்தின்மேல் சீராக மாறி மாறிச் செய்வதற்கு ஜெர்மானியர் பேபுங் என்று பெயர் வைத்தார்கள். நடுக்கம் என்று பொருள். இசைத்தாளில் சுரத்தின் மேல் ஒரு வளைகோடும் அதற்குள் சில புள்ளிகளும் இட்டு இதைக் காட்டினார்கள். இதன் உறவாக, வரிசையாக வரும் சுரங்கள் ஒவ்வொன்றையும் தட்டிய பின் மெல்ல அழுத்தி ஏந்துவது போல் வாசிக்கும் முறையும் உண்டு. இவை எந்த வகையிலும் ஐயத்துக்கு இடமில்லாதவை. 18ஆம் நூற்றாண்டின் பயிற்சி நூல்களிலேயே விளக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் இதை வீணையின் கமகத்துக்குச் சமமாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். முதலாவது, தந்தியை இறுக்கத்தான் முடியும், கட்டப்பட்ட நிலைக்குக் கீழே தளர்த்த முடியாது. ஆகவே அசைவு எப்போதும் சுரத்துக்கு மேலேதான் நிகழும். இரண்டாவது, அதன் அளவு மிகச் சிறியது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டிலிருந்து பல சுரங்களைக் கடந்து போகலாம். கிளாவிக்கார்டில் அடுத்த அரைச்சுரத்தை எட்டும் அளவுக்கு அழுத்தினால் தந்திக்கும் தகட்டுக்கும் கேடு, காதுக்கு அதைவிடக் கேடு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு போன்றது இதில் அறவே இல்லை. நின்ற சுரத்தின்மேல் ஒரு மெல்லிய அசைவு, அவ்வளவே. அதையும் அளவோடு செய்ய வேண்டும் என்று 1789இல் வெளிவந்த தம் பயிற்சி நூலில் ஜெர்மன் இசையாசிரியர் டேனியல் கோட்லோப் ட்யூர்க் எச்சரித்திருக்கிறார். இயற்பியல் கொள்கை இரண்டு கருவிகளிலும் ஒன்றுதான், ஒலிக்கும் தந்தியின் முனை வாசிப்பவரின் கையில் இருக்கிறது; ஆனால் அக்கொள்கையைக் கொண்டு கட்டிய இசை வேறு.

காணொளியில் தெரியாத இன்னொரு பக்கமும் உண்டு. அழுத்தம் சுருதியை மாற்றும் என்பது வரமாக இருக்கும் அதே அளவுக்குச் சாபமும்தான். பியானோவில் பழகிய ஒருவர் முதன்முதலாக கிளாவிக்கார்டில் உட்கார்ந்தால், நான் ஒரு மணி நேரம் செலவிட்டுச் சேர்த்த சுருதியை ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடுவார். கருவியைத் தொட்டுப் பார்த்தால் சுருதி அப்படியேதான் இருக்கும். அவர் ஒவ்வொரு விரலாலும் வெவ்வேறு வலுவில் அழுத்துவதால் ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு அளவு ஏறி ஒலிக்கும். அதற்குப் பயந்து லேசாகத் தொட்டால் வேறு தொல்லை: தகடு தந்தியில் பட்டுத் துள்ளி மீண்டும் படும், சுரம் வராமல் ஒரு வறண்ட சத்தம் மட்டும் எழும். விரல் எடையோடு இறங்க வேண்டும், இறங்கிய இடத்தில் ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும், விடும்போது விட்டுவிட வேண்டும். கட்டுபவரின் பங்கும் இதில் இருக்கிறது. துணிப்பட்டையைத் தளர்வாகப் பின்னினால் விசையின் அடியில் பிடிமானம் இல்லாமல் சதசதவென்றிருக்கும், ஒலி நின்ற பின்னும் ஒரு முனகல் தொடரும். இறுக்கமாகப் பின்னினால் பிடிமானம் கிடைக்கும், ஆனால் சுருதி சேர்ப்பது தலைவலியாகிவிடும். என்னிடம் பழுதுக்கு வந்த கருவிகளில் பாதிக்குமேல் மரத்திலோ தந்தியிலோ குறை இல்லை. துணியை எடுத்துவிட்டுப் புதிதாகப் பின்னியதும் சரியாகிவிட்டன.

இந்தக் காரணத்தால்தான் கார்ல் பிலிப் எமானுவேல் பாக், அதாவது பெரிய பாக்கின் பிழைத்து வளர்ந்த மகன்களில் இரண்டாமவர், 1753இல் வெளியிட்ட தம் விசைப்பலகைப் பயிற்சி நூலில், ஒருவருடைய வாசிப்பை மிகச் சரியாக எடைபோட உகந்தது கிளாவிக்கார்டே என்றார். ஹார்ப்சிகார்டும் வேண்டும், கிளாவிக்கார்டும் வேண்டும், இரண்டிலும் மாறி மாறிப் பழக வேண்டும் என்பது அவர் அறிவுரை. ஹார்ப்சிகார்டில் மட்டும் பழகியவர் உணர்ச்சியின் நிறங்களை இழப்பார். கிளாவிக்கார்டில் மட்டும் பழகியவர் விரல்வலுவை இழப்பார் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் நமக்கு நேரில் கேட்டவரின் சான்றும் கிடைத்திருக்கிறது. 1772இல் ஹாம்பர்க் நகரில் அவரைச் சந்தித்த ஆங்கில இசையறிஞர் சார்ல்ஸ் பர்னி, பாக் தம்முடைய, சில்பர்மன் என்ற கருவிக் கைவினைஞர் செய்த கிளாவிக்கார்டில் உட்கார்ந்து இரவு பதினொரு மணியை நெருங்கும்வரை வாசித்ததையும், நீண்ட சுரங்களில் துயரக் குரலொன்றை எழுப்பியதையும், போகப்போகத் தன்னிலை மறந்து கண்கள் நிலைகுத்தி, கீழுதடு தொங்க, முகத்தில் வியர்வை வழிய வாசித்ததையும் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் துயரக் குரல் கிளாவிக்கார்டில் மட்டுமே வரக்கூடியது, ஒருவேளை இவர் ஒருவரால் மட்டுமே வரவழைக்கக்கூடியது என்பது பர்னியின் தீர்ப்பு. அந்தக் கருவியை பாக் 1781இல் தம் மாணவரான ஒரு பிரபுவுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது அதிலிருந்து விடைபெறுவதாக, முதற்பகுதி மீண்டும் மீண்டும் திரும்பிவரும் ரோண்டோ வகை இசை ஒன்றை எழுதிச் சேர்த்து அனுப்பினார். அந்த இசைத்தாள் இன்றும் இருக்கிறது. பேபுங் எங்கே, எப்படி வரவேண்டும் என்று அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அவருடைய தந்தை யோஹான் செபாஸ்டியன் பாக் பற்றி நீங்கள் கேட்டதற்கு விடை இவ்வளவு உறுதியாக இல்லை. கிளாவிக்கார்டே அவருக்கு மிகவும் பிடித்த கருவி என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு மூலம், யோஹான் நிக்கோலாஸ் ஃபோர்கெல் 1802இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு. ஃபோர்கெல் தந்தை பாக்கைச் சந்தித்ததில்லை; மகன்களிடம் கேட்டு எழுதினார், அவர்களில் ஒருவர் மேலே சொன்ன கிளாவிக்கார்டுப் பித்தர். மகனுடைய விருப்பம் தந்தையின் மேல் ஏற்றப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. 1750இல் பாக் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் பல ஹார்ப்சிகார்டுகளும் ஸ்பினெட் என்னும் சிறுவகை ஹார்ப்சிகார்டு ஒன்றும், லூட் என்ற நரம்புக்கருவியின் ஓசை தரும் இரண்டு விசைக்கருவிகளும் இருக்கின்றன. கிளாவிக்கார்டு என்ற பெயர் இல்லை. மிதிகட்டையோடு கூடிய மூன்று "கிளாவியர்"களைத் தந்தை தமக்கு உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிட்டதாகக் கடைசி மகன் உரிமை கோரினார்; அவை கிளாவிக்கார்டுகளாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள், இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. 1722 என்று தேதியிட்ட அந்தப் புகழ்பெற்ற இருபத்துநான்கு முன்னிசைகளும், ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பாடும் ஃபியூகுகளும் கொண்ட தொகுப்பின் தலைப்பில் கிளாவியர் என்ற சொல் வருவதைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அக்காலத்தில் அச்சொல் பொதுவாக எந்த விசைப்பலகையையும் குறித்தது. கிளாவிக்கார்டை மட்டும் குறிக்கும் வழக்கம் ஜெர்மனியில் பிற்பாடுதான் வலுப்பெற்றது. என் கணிப்பு: வீட்டிலும் பாடம் சொல்லும்போதும் பாக் கிளாவிக்கார்டைப் பயன்படுத்தாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை, ஏனெனில் அந்நாட்டு இசைக்குடும்பங்களில் அது அம்மிக்கல் போல இருந்த பொருள், ஆனால் அதுவே அவருக்கு மிகப் பிடித்தது என்பதற்கு ஆதாரம் போதாது.

இப்படிப்பட்ட கதைகள் இக்கருவியைச் சுற்றி நிறைய உண்டு. மகன் இசைக்குப் போவதை வெறுத்த தந்தைக்குத் தெரியாமல், பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான ஹேண்டெல் சிறுவனாக இருந்தபோது ஒரு சிறு கிளாவிக்கார்டை மேல்மாடிக்குக் கடத்தி இரவில் பழகினான் என்பது ஒன்று. ஹேண்டெல் இறந்த மறு ஆண்டு, 1760இல் வந்த வாழ்க்கை வரலாற்றில் அது இருக்கிறது. நடந்ததா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் கதை நம்பும்படி இருப்பதற்கே காரணம் கருவியின் மெல்லொலிதான். மேல்மாடியில் ஹார்ப்சிகார்டு வாசித்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருப்பான். மொட்சார்ட் விஷயம் சற்று உறுதியானது: சால்ஸ்பர்க்கில் அவர் பிறந்த வீட்டில் உள்ள சிறு கிளாவிக்கார்டில், தம் கணவர் மாயப் புல்லாங்குழல் இசைநாடகத்தையும் ரெக்வியம் என்னும் இறந்தோர் வழிபாட்டு இசையையும் இதில் உட்கார்ந்துதான் இயற்றினார் என்று அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் குறித்துவைத்திருக்கிறார்.

கருவியின் தொன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1404இல் எழுதப்பட்ட ஒரு ஜெர்மன் செய்யுளில் கிளாவிக்கார்டின் பெயர் வருகிறது. 1425 அளவில் மின்டென் நகரத்துப் பலிபீடச் சிற்பத்தில் அதன் உருவம் இருக்கிறது. 1440 அளவில் பர்கண்டி அரசவையைச் சேர்ந்த ஆர்னோ என்ற மருத்துவர் அதன் வரைபடத்தையே கொடுத்திருக்கிறார். இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் பிரபுவின் படிப்பறைச் சுவரில் மரத்துண்டுகளை இழைத்துச் செய்த படம் ஒன்று உண்டு. தந்தி, தகடு எல்லாம் அவ்வளவு துல்லியமாக இருப்பதால் இக்காலத்தவர் அதைப் பார்த்தே கருவி கட்டியிருக்கிறார்கள். தேதியோடு எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1543இல் இத்தாலியைச் சேர்ந்த டொமெனிகோ செய்தது. லைப்சிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பழைய கருவிகளில் ஒரு சிக்கனம் இருந்தது, அது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். விசைக்கு ஒரு தந்தியிணை என்று வைக்காமல், அடுத்தடுத்த இரண்டு, மூன்று விசைகளின் தகடுகள் ஒரே தந்தியிணையை வெவ்வேறு இடங்களில் தொடும்படி அமைத்தார்கள். வீணையில் ஒரே தந்தியில் பல மெட்டுகள் இருப்பது போலத்தான். தந்தி குறைவு, இழுவிசை குறைவு, பெட்டி சிறிது, விலை மலிவு, மடியிலோ மேசையிலோ வைத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் ஒரே இணையைப் பங்கிடும் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்க முடியாது; இரண்டையும் அழுத்தினால் குதிரைக்கு அருகில் உள்ள தகடுதான் வெல்லும், ஆகவே மேல்சுரம் மட்டும் கேட்கும். அரைச்சுர இடைவெளியில் உள்ளவற்றைச் சேர்த்து வாசிக்க வேண்டிய தேவை அக்கால இசையில் அரிது என்பதால் இது பெரிய இழப்பாகப் படவில்லை. சுருதிக்காரனுக்கு இதில் ஒரு சுகமும் ஒரு துக்கமும் உண்டு. சேர்க்க வேண்டிய தந்திகள் குறைவு. ஆனால் ஒரு இணையைப் பங்கிடும் சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளியைத் தகடு நிற்கும் இடமே தீர்மானித்துவிடுவதால், அதை மாற்ற வேண்டுமானால் முறுக்காணியைத் திருப்பிப் பயனில்லை, இடுக்கியை எடுத்துத் தகட்டையே நூலளவு வளைக்க வேண்டும். நானூறு ஆண்டுப் பழைய கருவியில் அதைச் செய்யும் துணிவு எவருக்கும் வரக்கூடாது. விசை ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தந்தியிணை கொண்ட பெரிய கருவிகள் 18ஆம் நூற்றாண்டில் பெருகின. ஐந்து எண்மம் (ஸ்தாயி) என்றால் 61 விசைகள், குறைந்தது 122 தந்திகள். ஹாம்பர்க்கின் ஹாஸ் குடும்பத்தார் இவற்றில் கீழ்ச்சுரங்களுக்கு ஒரு எண்மம் மேலே ஒலிக்கும் மூன்றாவது தந்தியைச் சேர்த்து ஒலியைத் தெளிவாக்கினார்கள். எமானுவேல் பாக்குக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கூடுதல் தந்தி இல்லாத ஃப்ரீடெரிசியின் கருவிகளே மேல் என்று கடிதம் எழுதியிருக்கிறார். ஹாஸ் செய்த கருவியின் பிரதியொன்றை நான் சுருதி சேர்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் பாக்கோடு ஒத்துப்போக என்னால் முடியவில்லை.

தேவாலய ஆர்கன் வாசிப்போருக்காக மிதிகட்டை வைத்த கிளாவிக்கார்டுகளும் செய்யப்பட்டன; ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, தரையில் கால்களுக்கு ஒன்று. 1760இல் கெர்ஸ்டன்பர்க் செய்த அப்படியொரு தொகுதி லைப்சிக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூடேற்றாத தேவாலயத்தில், துருத்தி மிதிக்க ஆள் வைத்துக்கொண்டு, தினமும் ஆர்கனில் பயிற்சி செய்ய யாரால் முடியும்? வீட்டில், குழந்தைகள் தூங்கும்போதும் வாசிக்கலாம் என்பது கிளாவிக்கார்டு நெடுங்காலம் நிலைத்ததற்கு மிக முக்கியமான காரணம் என்பேன்.

ஏன் கைவிட்டார்கள் என்றால், அது மேடைக்கு ஏறவே முடியாத கருவி என்பதுதான் காரணம். ஒலியைப் பெருக்க முயலாமல் இல்லை. கோட்ஃப்ரீட் சில்பர்மன் 1720களின் தொடக்கத்தில், தந்தியை இருமடங்கு நீளமாக்கி, தகடு அதன் நடுவில் தொட, இருபுறமும் சமமாக அதிரும்படி ஒரு கருவி செய்தார். ஊமைப் பக்கமே இல்லாததால் ஒலி கூடியது. பெட்டியும் அதற்கேற்ப நீண்டது. அது பரவவில்லை; ஒன்றுகூட எஞ்சவில்லை. நுண்மை தருவதும் ஒலியைச் சிறிதாக்குவதும் ஒரே தகடு என்பதால், ஒன்றை விடாமல் இன்னொன்றை வெல்ல வழியில்லை. கட்டணம் கட்டிக் கேட்கும் பொதுக் கச்சேரிகள் பெருகி, அரங்கங்கள் பெரிதாகி, விரலின் வேகத்துக்கு இணங்கும் பியானோவும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, அதாவது 1766 முதல் லண்டனில் ட்சும்பே செய்த சிறிய சதுரப் பியானோக்கள் போன்றவை வீடுகளுக்குள் வந்தபோது, கிளாவிக்கார்டின் தனிச்சலுகையில் பாதி போய்விட்டது. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள், பிறகு நின்றுபோயிற்று. 1894இல் இங்கிலாந்தில் ஆர்னால்ட் டால்மெட்ஷ் மீண்டும் கட்டத் தொடங்கியதிலிருந்து இன்றைய வரலாறு ஆரம்பிக்கிறது. 1960களில் ஜெர்மனியின் ஹோனர் நிறுவனத்துக்காக எர்ன்ஸ்ட் சகாரியாஸ் வடிவமைத்த கிளாவினெட் என்ற மின்கருவியும் இதன் பேரப்பிள்ளைதான். ரப்பர் நுனியொன்று தந்தியை உலோகத்தின்மேல் அழுத்திப் பிடித்து ஒலிக்கச் செய்கிறது, மின்காந்த உணரி அந்த அதிர்வை மின்குறியாக்க, ஒலிபெருக்கி அதைப் பெருக்குகிறது. மெல்லொலிக்குப் பெயர்போன கருவியின் வாரிசு அமெரிக்க ஃபங்க் இசையில் அதிரடிக்குப் பயன்பட்டதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

உங்கள் காணொளிக்குத் திரும்புகிறேன். ஹார்ப்சிகார்டைப் போல் கேட்டதற்குக் காரணம், ஒலிவாங்கியைத் தந்திகளுக்கு மிக அருகில் வைத்துப் பதிவு செய்து, நீங்களும் வழக்கமான அளவில் ஒலியை வைத்துக் கேட்டதுதான். அப்படிக் கேட்டால் டிக் ஒலியும் விசைகளின் மரச்சத்தமும் பூதாகாரமாகின்றன. மென்மைக்குள் இருந்த படிகள் ஒன்றோடொன்று கலந்து மறைகின்றன. இரவில் விசிறியை நிறுத்திவிட்டு, தலையில் மாட்டும் ஒலிபெருக்கி இல்லாமல், ஒலியளவை இனிக் கேட்காது என்னும் புள்ளிவரை இறக்கி, அங்கிருந்து மயிரிழை மட்டும் ஏற்றி, அதே பதிவை இன்னொருமுறை கேளுங்கள். முதல் இரண்டு நிமிடம் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் எண்ணத்தைப் பற்றி: தந்திகளைப் பங்கிடும் சிறிய வகையைத் தேர்ந்தெடுங்கள், துண்டுகளாக வாங்கி நீங்களே கட்டும் தொகுப்பாகவும் அது கிடைக்கும். கடற்காற்றில் மேல்சுரங்களின் இரும்புத் தந்திகள் துருப்பிடிக்கும், பித்தளை தாங்கும். மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் குதிரை உயர்ந்து சுருதி ஏறும், கோடையில் இறங்கும். ஆகவே ஆளை எதிர்பார்க்காமல் சுருதி சேர்க்க நீங்களே கற்றுக்கொண்டால்தான் இக்கருவியோடு வாழ முடியும், முப்பது இணைத் தந்திகள் என்றால் பழகிய கைக்கு அரைமணி நேர வேலை. குளிர்சாதன அறைக்கும் வெளி அறைக்கும் மாற்றி மாற்றி வைக்காதீர்கள். ஈரத்தைவிட அந்த ஏற்ற இறக்கமே பலகையைப் பிளக்கிறது. மேலும் ஒன்று, மூடியின் மேல் பூச்சாடி வைக்க வீட்டில் யாரையும் விடாதீர்கள். என்னிடம் வந்த மூன்று கருவிகளுக்கு அதுதான் நோய்.